குருக்களின் வாயில் என் குரல்

என் வீட்டுக்காரர் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் என்னோடு கதைத்த மிக நீளமான கதை இப்படித்தான் தொடங்கியது.

“எம் அடியும். பிறகு ஈ. பிறகு என். இடையிலை இடைவெளி விடாதையும்.”

கலியாணம் முடித்து ஒரு வருசம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. அதற்குள் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் பின்னால் போன மனுஷன், பிரான்ஸில் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேரோடு படுத்து எழும்பிக்கொண்டு, பெண்சாதிக்குச் சொல்கிற வார்த்தையா இது? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் அடித்தேன். வேறு என்ன செய்ய?

அவர் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்தவர். நீர்வேலியில் எங்கள் வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையில், அவர் தன் கையாலேயே பாகம் பாகமாய்ப் பூட்டிய கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள்ளே ரீவி டியூனர் கார்ட் என்று ஒரு சாமான் செருகியிருந்தார். கேபிள் வயரைக் கொண்டுபோய் அதன் பின்பக்கம் பூட்டிவிட்டால் ரீவியில் ஓடுவதெல்லாம் பெட்டிக்குள் வரும். வேண்டியதைப் பதிந்து வைக்கலாம். மவுஸைப் பிடித்து அமத்திப் பதிகிற வேலையெல்லாம் அவருக்கு இளக்காரம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாய்க் கட்டளை அடித்தால்தான் அவருக்கு அது வேலை. கலியாணமான புதிதில் நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு நிற்பேன். அவர் திரையோடு இருப்பார். அப்போது எரிச்சலாய் இருந்தது. போன பிறகு அந்த முதுகையாவது காணமாட்டேனோ என்று இருந்தது.

அவர் போன வருசம் நல்லூர்த் திருவிழா தொடங்கியதும் ஒருநாள் ஃபோன் எடுத்தார். எங்கள் பக்கத்துக் கேபிள்காரர் தங்கள் சொந்தச் சானலில் கோயில் பூசைகளை நேரடியாய்ப் போடுவார்கள். அது முடிய மரண அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், பிள்ளைகளின் பிறந்தநாள் வாழ்த்து. கோயில்கள் இப்போதுபோல ஃபோனிலே தெரியாத காலம். “எனக்குப் பாக்கவேணும் போலை கிடக்கு. பதிஞ்சு அனுப்பும்” என்றார். எனக்கு அந்தப் பெட்டியைத் துடைக்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

“இப்ப சின்னக் கோடு ஒண்டு போடும்.”

“எந்தக் கோடு? மேலையோ கீழையோ?”

“நடுவிலை.”

“நடுவிலை கோடு எங்கை கிடக்கு? இஞ்சை எல்லாம் தூசியாய்க் கிடக்கு.”

“பூச்சியத்துக்குப் பக்கத்திலை பாரும். ஆ, அதுதான். இப்ப என்டர். என்ன சொல்லுது?”

“இங்கிலீசிலை ஏசுது.”

அவர் சிரித்தார். கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து வந்த முதல் சிரிப்பு அது. ஒரு எழுத்துப் பிழைத்தால் தொடக்கத்தில் இருந்து அடிக்கவேண்டும். நான் பிழைவிட்டேன். பிறகு வேண்டுமென்றும் ஒரு தரம் பிழைவிட்டேன், கதை நீளட்டும் என்று. கடைசியில் திரையில் இலக்கங்கள் ஓடத் தொடங்கின. “ஓடுது, ஓடுது!” என்று கத்தினேன். “கெட்டிக்காரி” என்றார். அன்று முழுக்க என் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பதிந்த படத்தை நான் போட்டுப் பார்ப்பதில்லை. கொம்பியூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. எனக்கு விறாந்தையில் ரீவி இருக்கிறது. கோப்பு நல்லாய்ப் பெருத்திருந்தால் பதிந்தது சரி என்று அவர் சொல்லித் தந்திருந்தார். பெருத்திருக்கிறதா என்று பார்ப்பேன், இணையத்தில் ஏற்றிவிடுவேன், அது மெல்ல மெல்லப் போய்ச் சேரும். இடையில் கரண்ட் போனால் கோதாரி என்று திட்டிவிட்டு மறுபடி ஏற்றுவேன்.

திருவிழா முடிந்தது. அதோடு எங்கள் கதையும் வற்றத் தொடங்கியது. எடுப்பார். நான் கேட்பேன்.

“சாப்பிட்டியளோ?”

“ஓம். நீர்?”

“ஓம்.”

பிறகு அங்கே அவர் போட்டிருந்த அகதி வழக்கைப் பற்றிக் கேட்பேன். “வழக்கு இழுபடுது” என்பார். என்னோடு இருக்கிற மாமியிடம், அவரின் அம்மாவிடம், ஃபோனைக் கொடுக்கச் சொல்லுவார். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம்; “என்ன? என்ன?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அழுவா. அவ்வளவுதான். இந்த மனுஷனுக்கு நான் இன்னும் வேணுமா, இல்லையா? இது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டி இருந்தது. இதை ஃபோனில் எப்படிக் கேட்கிறது? கேட்டால் “என்ன விசர்க் கதை” என்பார். அது பதில் இல்லை.

நவராத்திரி வந்தது. எங்கள் வீடுகளில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம், பேனை, தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றையும் சாமியறையில் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசுவோம். விஜயதசமி வரும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. அவர் இருந்தபோது பெட்டியைக் கழற்றி அவரே கொண்டுபோய் வைப்பாராம். மாமி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தா.

“அவனுக்குச் சோறு போட்ட பெட்டி பிள்ளை. அதை வையாமல் விட்டால் வழக்கு எப்பிடி வெல்லும்?”

வழக்குக்கும் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. பின்னால் இருந்த வயர்களையெல்லாம் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, நெற்றி எது என்று தெரியாமல் முன்பக்கத்தில் பெரிய சந்தனப் பொட்டு ஒன்று வைத்தேன். அவருக்கே வைக்கிற மாதிரி இருந்தது. விஜயதசமி அன்று காலையில் திரும்பக் கொண்டுவந்து, எந்த வயர் எங்கே போனது என்று ஞாபகப்படுத்திப் பூட்டினேன். நாங்கள் கொம்பியூட்டரிலே கதைக்கலாம் என்று அவர் வாங்கிவிட்டுப் போன சின்ன மைக் ஒன்றும் கிடந்தது. அதையும் எங்கோ ஓட்டை கண்ட இடத்தில் செருகி, குசினி யன்னலடியில் வைத்தேன். பெட்டி எழும்பியது. கட்டளையை அடித்தேன். இலக்கங்கள் ஓடின. சரஸ்வதி காப்பாற்றினாள் என்று நினைத்தேன்.

கந்தசஷ்டிப் பூசையைப் பதிந்து அனுப்பினேன். அதன் பிறகுதான் அந்தக் கூத்துத் தொடங்கியது. ஆள் விடாமல் கேட்கத் தொடங்கினார்.

“வெள்ளிக்கிழமைப் பூசையும் பதியும்.”

பதிந்தேன்.

“வெள்ளி மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் காலைமைப் பூசையைப் பதியும்.”

கோயிலுக்குப் போவோம் என்றால் வீதியில் கடலைக்காரனோடு நிற்கிற மனுஷனுக்கு இது என்ன பக்தி? பூசை இல்லாத நாளில் மரண அறிவித்தல் போதுமாம். மரண அறிவித்தல்! அதுவும் இல்லாவிட்டால் விளம்பரமாம். “ஏதாவது ஓடுறதைப் பதியும். கொஞ்சம் நீளமாய்ப் பதியும். சமைக்கிற நேரம் ஓடவிட்டிட்டு உம்மடை வேலையைப் பாரும்” என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமிக்குக் காது மந்தம். ஆகவே எங்கள் வீட்டில் எந்த இரகசியமும் தெருவரை கேட்கும். அன்று குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு கத்தினேன்.

“மாமி, உங்கடை மகனுக்கு நான் வேணாம்! அவருக்கு உந்தப் பெட்டிதான் வேணும். நகைக்கடை விளம்பரம் பாக்கிறாராம். எனக்கு ஒரு தோடு வாங்கித் தர வக்கில்லை!”

“என்ன, தோட்டத்துக்கு ஆள் வந்ததோ?” என்றா மாமி.

பின்னொரு நாள் காலையில் பருத்தித்துறையில் இருந்து என் அண்ணை வந்தார். வழக்கம்போல விளைமீன் வாங்கிக்கொண்டு வந்து, குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். மாமி கிணற்றடியில். அண்ணை சொன்னார்.

“இஞ்சை பார். அவன் இனி வாறதும் இல்லை, உன்னைக் கூப்பிடுறதும் இல்லை. எத்தினை பேரைப் பாத்திட்டன். நீ எங்களோடை வந்து இரு. பிறகு யோசிப்பம். உனக்கு வயசிருக்கு.”

நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நீளமான நானே! கழுவின கோப்பைகளையே எடுத்து மறுபடி கழுவினேன். அண்ணை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “யோசி” என்று சொல்லிப் போனார். பெட்டியில் பூசை பதிந்துகொண்டிருந்தது. முடிந்ததும் வழக்கம்போல ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் எடுக்கவேயில்லை. எடுத்தபோது குரல் கரகரத்தது. சாப்பிட்டியளோ, ஓம், நீர், ஓம். பிறகு சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“அந்தக் கோழி ஏன் இப்ப கத்திறேல்லை? அடை கிடக்கோ?”

“ஓம், மாட்டுக் கொட்டிலுக்குள்ளை கிடக்கு” என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கோழி? அவர் போன பிறகு வாங்கின கோழி அது. அரிசிச் சுளகுக்குள் ஏறி நின்று என் உயிரை வாங்குகிற கோழி. அதைப் பற்றி நான் அவருக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. மாமி சொல்லியிருப்பாவோ என்று கேட்டேன். “நான் என்னத்தைச் சொன்னன், அவன் கதைக்கிறதே விளங்கிறேல்லை” என்றா.

அலுமாரிக்குள் கிடந்த அவருடைய பழைய இயர்போனைத் தேடி எடுத்து, பெட்டியில் செருகி, முதல்முறையாக நான் பதிந்த படம் ஒன்றைப் போட்டேன்.

திரையில் குருக்கள் பஞ்சாராத்தி காட்டுகிறார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார். சனம் கையைத் தலைக்கு மேல் கூப்புகிறது. காதிலே கேட்பது என்ன? திருவலையில் தேங்காய். கர், கர். பிறகு என் குரல்: “போ சனியனே, அரிசிக்குள்ளை காலை வைக்காதை!” குருக்கள் வாயைத் திறந்து மந்திரம் சொல்கிறார். கேட்கிறது: “மாமி, உங்கடை மகன் மனுஷனில்லை, கல்லு!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு படமாய்த் திறந்தேன். எல்லாவற்றிலும் நான். வாழைக்குலைக்காரனோடு சண்டை பிடிக்கிற நான். முருங்கைக்காயை வெட்டும்போது ஏதோ பாட்டைச் சுதி இல்லாமல் இழுக்கிற நான். ஒரு வாழ்த்து விளம்பரத்தில், கேக்குக்குப் பின்னால் ஒரு குழந்தை சிரிக்கிறது. யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதுவும் நான்தான். அண்ணை வந்த நாளும் இருந்தது. ஐயோ, அதையும் கேட்டிருக்கிறார்.

உடனே எடுத்தேன்.

“களவாய்க் கேட்டுக்கொண்டு இருந்தனியளோ? வெக்கமாயில்லையோ உங்களுக்கு? நான் என்னென்ன கத்தினனோ!”

 அவர் சொன்னார்.

“நீர் மைக்கைச் செருகின இடம் பிழைச்சுப்போச்சு. பெட்டி எழும்பேக்கை முதல் கண்ட சத்தவழிக்குப் பூச்சியம் எண்டு பேர் வைக்கும். எங்கடை கட்டளை பூச்சியத்திலை இருந்துதான் சத்தம் எடுக்கும். முன்னம் ரீவி கார்ட் பூச்சியம்; சரஸ்வதி பூசைக்குப் பிறகு மைக்தான் பூச்சியம்.”

“உடனை சொல்லியிருக்கலாம்தானே!”

“சொல்லத்தான் எடுத்தனான். அண்டைக்கு நீர் ஃபோனை எடுத்து, ‘சாப்பிட்டியளோ’ எண்டு கேட்டீர். அந்தக் குரல் வேறை. அது விசாரிக்க வந்த ஆக்களின்ரை குரல். பதிஞ்சதுக்குள்ளை இருக்கிறதுதான் நீர். பிறகு சொல்ல மனம் வரேல்லை. வேலையாலை வந்து காதிலை கொழுவிக்கொண்டு படுப்பன். நீர் ஏசிக்கொண்டு சமைப்பீர். நித்திரை வரும்.”

 அவரே தொடர்ந்தார்.

“அண்ணை வந்ததையும் கேட்டனான். அவர் கேட்டார். நீர் ஒண்டும் சொல்லேல்லை. தண்ணிச் சத்தம்தான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டனான். எங்கையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருப்பீரோ எண்டு.”

அதுதான் எடுக்காமல் இருந்த நாட்கள். 

“அண்ணைக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுறன். நான் ஒரு இடமும் போகமாட்டன்” என்றேன். “ஓம்” என்றார். 

கதை இதோடு நல்லாய் முடிந்திருக்கலாம். எங்கே முடிகிறது? “வயரை மாத்தட்டோ?” என்று கேட்டேன். “உம்மடை விருப்பம்” என்றார். மாற்றாமல் விட்டேன். அதுதான் வினையாய்ப் போயிற்று. அவர் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு என்னால் என் குசினியில் இருக்க முடியவில்லை. கோழிக்கு மரியாதை கொடுத்தேன். வாழைக்குலைக்காரனை “வாங்கோ, இருங்கோ” என்றேன். தேங்காயைக்கூட மெல்லமாய்த் திருவினேன். மாமி என்னை உற்றுப் பார்த்தா.

“ஏன் பிள்ளை ரேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறாய்? சுகமில்லையோ?”

அவருக்கும் விளங்கிவிட்டது. “இப்ப நீர் எனக்குக் கேக்க வேணுமெண்டு கதைக்கிறீர்” என்றார் ஒருநாள். குறை சொல்லவில்லை, கவலையாய்ச் சொன்னார். இருந்த ஒரு வழியையும் கேட்டு அறிந்து நானே கெடுத்துக்கொண்டேன். எனக்கு அந்தக் கோபம் அவர்மேல் திரும்பியது.

“என்ரை சத்தத்தை மட்டும் ஏன் கேக்கவேணும்? உங்கடை பக்கத்துச் சத்தத்தை ஒரு நாளாவது அனுப்பினனியளோ? நீங்கள் அங்கை என்னண்டு இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியுமோ?”

அனுப்பினார். ஃபோனை எங்கேயோ வைத்துப் பதிந்து அனுப்பினார். முதலில் வந்தவை என் செய்தி வாசிப்பைவிட மோசம். இருமுவார். “இது பைப். இது யன்னல். இப்ப ரயில் போகுது” என்று விளக்கம் சொல்லுவார். கேட்டுவிட்டு, “சுற்றுலா காட்டுறியளோ?” என்று கேலி செய்தேன்.

அந்த மாரிமழைக் காலத்தில் வழக்குத் தோற்றது. மேல்முறையீடு போடலாம் என்று சட்டத்தரணி சொன்னாராம். மாமிக்கு நாங்கள் சொல்லவில்லை. திரும்பி வாங்கோ என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாத பயம். வரமாட்டேன் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கதைப்பது குறைந்தது. பிறகு கேபிள்காரர் எல்லாவற்றையும் புது டிஜிட்டல் பெட்டிக்கு மாற்றினார்கள். டியூனர் கார்ட்டில் புள்ளி மழைதான் வந்தது. பதிவதும் நின்றது.

அந்த நாட்களில் ஒருநாள் அவரிடம் இருந்து ஒரு நீளமான பதிவு வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. மத்தியானம், மாமி சாய்ந்து படுத்திருந்தா. நான் ஃபோனை அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு கீரை ஆய்ந்துகொண்டு கேட்டேன். தொடக்கத்தில் ஒரு இருமல். பிறகு கதவுச் சத்தம். மற்ற ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள் போல. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அவர் பதிவதை மறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் செருப்பை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினார். வீட்டில் அப்படித்தான் நடப்பார்; அதற்கு நான் ஏசியிருக்கிறேன். வெங்காயம் வெட்டுகிற சத்தம். எண்ணெய் கொதிக்கிற சத்தம். ஏதோ கையில் சுட்டு, “ஸ்” என்றார். கீரையை வைத்துவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தேன்.

மூடிகளைத் திறந்து திறந்து மூடுகிறார். எதையோ தேடுகிறார். பிறகு, அந்த ஒருவரும் இல்லாத வீட்டில், பின்பக்கம் நிற்கிற ஆளிடம் கேட்கிற குரலில், தலையைத் திருப்பாமலே கேட்கிறார்.

“இஞ்சரும், உப்பு எங்கை?”

நான் வாயைத் திறந்துவிட்டேன். சொல்ல முடியவில்லை. அந்தக் குசினியில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.